அறுந்த இழை

போன மாங்காய் சீசனில் நடந்தது இது. நாகரசம்பட்டியில் எங்கள் தெரு வழியாகப் போன மாங்காய் லாரி ஒன்று, கம்பத்துக்குக் கம்பம் தொங்கிய ஃபைபர் கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. தெருவில் ஒரு வீட்டிலும் இன்டர்நெட் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. பிரான்சில் இருக்கும் என் அக்கா மாலையில் வீடியோவில் வருகிற நாள்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான். முந்தின வாரம் புதுச்சேரி வீட்டுப் பங்கு விஷயமாகப் பேச்சு முற்றி, நான் பாதியிலேயே அழைப்பைத் துண்டித்திருந்தேன். செல்போனில் பேசியிருக்கலாம். ஆனால் பேசாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

நாலு மணிக்கு ஒரு பையன் பெட்டியோடு வந்தான். வேலையற்ற பென்ஷன்காரன் நான். நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அறுந்த முனைங்களை அப்படியே வச்சு ஒட்டக்கூடாதா தம்பி?"

"பிஞ்ச முனை ஒட்டாது தாத்தா. ரெண்டு பக்கமும் புதுசா வெட்டணும்."

மேலுறையை உரித்தான். உள்ளிருந்த கண்ணாடி இழையின் பருமன் 125 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் பாதையோ அதன் நடுவில் சுமார் 9 மைக்ரான்தான். இழையை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கிளீவரில் வைத்து நேராக வெட்டினான். மெஷினில் இரு முனைகளையும் எதிரெதிரே வைத்து மூடினான். மெஷினே அவற்றை மேலும் கீழும் நகர்த்தி நேராக்கியது. ஒரு மின்பொறி. கண்ணாடி உருகி ஒன்றானது. திரையில் 0.02 டெசிபல் இழப்பு என்று வந்தது.

"சைபர் ஆகாதா?"

"சில நேரம் காட்டும் தாத்தா, அது மெஷின் போடுற கணக்கு. ஒட்டுன எடத்துல துளி லாஸ் இருக்கத்தான் செய்யும். லைட் போனாப் போதும்."

ஒட்டிய இடத்தில் சிறு எஃகுக் கம்பி வைத்த உறையைச் சூடாக்கிப் போர்த்தினான். கம்பத்தில் வளையமாகச் சுற்றியிருந்த உபரி கேபிளைக் காட்டி, "இழுத்துப் பிடிச்சுக் கட்டியிருந்தா ஒட்ட வயரே இருந்திருக்காது" என்றான்.

எனக்குப் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது ஜெனீவாவைச் சேர்ந்த கொலதோன் என்பவரின் சோதனையைச் சொல்லித் தந்தார்கள். வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியும் கூடவே வளைந்து போகும் என்று 1842-ல் அவர் எழுதினார். எனக்கு அது புரியவில்லை. அன்றிரவு அக்கா தகர டப்பாவில் ஓட்டை போட்டு, தண்ணீர் ஊற்றி, டார்ச் அடித்துக் காட்டினாள். கீழே ஏந்திய என் உள்ளங்கையில் வெளிச்சம் விழுந்தது. 1966-ல் சார்ல்ஸ் காவ், தூய கண்ணாடி இழையில் ஒளியால் வெகுதூரம் செய்தி அனுப்பலாம் என்று எழுதினார். 2009-ல் நோபல் பரிசும் பெற்றார். எனக்கு அதை முதலில் காட்டியவள் அக்காதான்.

ஆறு மணிக்கு இணைப்பு வந்தது. நானே அழைத்தேன். வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. "அக்கா, அந்த ஓட்டை டப்பா நினைவிருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "அம்மாகிட்ட அடி வாங்குனது நான்தானே" என்று சிரித்தாள்.

வீட்டு விவகாரம் இன்னும் முடியவில்லை. அதைக் கடிதத்தில் எழுதிக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அதைப் பேசுவதில்லை.