அச்சமும் ஆயுதமும்

உயிருக்கு ஆபத்தென்று மனம் எண்ணிவிட்டால், உடல் நம் ஆணைக்குக் காத்திருப்பதில்லை. நெஞ்சு படபடக்கிறது, பார்வை குறுகி ஒரே பொருளில் நிலைக்கிறது, அருகிலெழும் ஒலியும் செவியில் ஏறுவதில்லை, விரல்கள் நுட்பமான வேலைக்கு உதவுவதில்லை. பண்டிகைக் கூட்டம் டிக்கட் ஜன்னலை நெருக்கும்போதே சில்லறை எண்ணும் என் விரல்கள் நடுங்குகின்றன. துப்பாக்கி ஏந்திய போலீஸ்காரரின் நிலை எத்தகையதாயிருக்கும்!

1999 பிப்ரவரி 4-ஆம் தேதி, நியூயார்க் நகரில், கினி நாட்டிலிருந்து பிழைக்க வந்த அமடூ டியாலோ என்னும் இளைஞர் தம் வீட்டு வாயிலில் நின்றிருந்தார். சாதாரண உடையிலிருந்த நான்கு போலீஸார் அவரை நெருங்கினர். அவர் எடுத்த பணப்பையைத் துப்பாக்கியென எண்ணியதாகவும், தம்முள் ஒருவர் இடறி விழுந்ததைக் குண்டடிபட்டு விழுந்ததாகக் கருதியதாகவும் அவர்கள் பின்னர் சாட்சியம் கூறினர். சுட்ட குண்டுகள் 41. உடலில் பட்டவை 19. அவ்வளவு அருகிலிருந்தும் பாதிக்கு மேல் குறி தவறின! டியாலோவிடம் ஆயுதமே இல்லை. 2000-இல் நால்வரும் விடுதலையாயினர்.

ஆபத்தை ஒத்த சூழலில் பழகுதல், மூச்சை நிதானப்படுத்துதல், எட்ட நின்று மறைவிலிருந்து பேசுதல் ஆகியவை பயிற்சியால் கைகூடுவன. தூரம் கூடினால் சிந்திக்க நேரமும் கூடும். வேற்றூரில் பிழைக்கும் நம்மனோர், நம் மொழியறியாக் காவலரின் ஒரு கணத் தீர்மானத்தை நம்பியே நடமாடுகிறோம். அக்கணத்தை நீட்டித் தரும் பயிற்சியைக் கோருவது நம் உரிமையன்றோ?