ஸ்டாப்பர் பையன்: ஆரணி நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி மூன்றாம் வெள்ளி. படவேடு போகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கடையில் ஈ ஓட்டுகிறோம். ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை கேட்டு வெளியூர்க்காரர்கள் போன் செய்வதோடு சரி. சீக்கிரமே கணக்கை மூடிவிட்டு, பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லித்தருகிற மைதானத்துக்குப் போனேன். இந்தியக் கால்பந்து அணிக்கு காலித் ஜமீல் கோச் ஆகியிருக்கிறாராம். 13 வருஷத்துக்குப் பிறகு நம்ம நாட்டு ஆள் ஒருவர். பையன்களிடம் சொன்னேன். ஒருத்தன் "மெஸ்ஸி எப்பணா இந்தியா வராரு?" என்றான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மைதானத்தில் ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவனாக, ஆடுகிற பையன் வீட்டில் சித்ரான்னம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பையன் பிளஸ் டூ. ஹெட்டிங்கில் அவனை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. சென்னை லீக்கில் ஆடுகிற ஒரு டீமிலிருந்து செப்டம்பரில் செலக்‌ஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அப்பா கையெழுத்து வேண்டும்.

அப்பா தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். "கோல் போடறவனுக்குக் காசு தராங்க, சரி. தடுக்கிறவனுக்கு இன்னா தருவாங்க சார்?"

நல்ல கேள்வி. கறிவேப்பிலையை ஒதுக்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இந்த வாரம் செய்தி முழுக்க இழவு. ஐஎஸ்எல் லீக் நடக்குமா என்பதே தெரியாது என்று ஜூலையிலேயே நிறுத்தி வைத்தார்கள். இப்போது பெங்களூரு எஃப்சி வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவிட்டது. 2015லும் 2017-18லும் கோப்பை வாங்கிய நம்ம சென்னையின் எஃப்சியும் வேலையை நிறுத்தி வைப்பதாக அறிவித்துவிட்டது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் ரிலையன்ஸ் குழுமத்துக் கம்பெனிக்கும் 2010ல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் இந்த டிசம்பரில் முடிகிறது. புதுசு இன்னும் போடவில்லை. யாரோ ஒரு காகிதத்தைப் புதுப்பிக்கவில்லை, முதுகில் பேர் எழுதின சட்டைக்காரனுக்குச் சம்பளம் இல்லை. பையனின் அப்பா பேப்பர் படிக்கிறவர். இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

படித்துவிட்டார்.

பிராக்டிஸ் முடிந்து பையன் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அன்வர் அலி கதையைச் சொன்னேன். பஞ்சாபில் ஆதம்பூர்க்காரன். ஸ்டாப்பர். 2017ல் டெல்லியில் ஆடிய 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அணியில் இருந்தான். அடுத்த வருஷம் ஸ்பெயினில், பத்துப் பேரோடு ஆடின நம்ம 20 வயதுக்குட்பட்ட அணி அர்ஜென்டினாவை 2-1 என்று ஜெயித்தது. ஜெயித்த கோல் அவன் அடித்த ஃப்ரீ கிக். எதிரணிக் கோச் லயோனல் ஸ்கலோனி. நாலு வருஷம் கழித்து மெஸ்ஸியோடு உலகக் கோப்பை தூக்கினாரே, அவரேதான்.

2019ல் மும்பை சிட்டியின் மருத்துவப் பரிசோதனையில் இதயத் தசை தடித்துப்போகிற கோளாறு தெரிந்தது. அப்போது அவனுக்கு 19 வயது. மறு வருஷம் முகமதன் ஸ்போர்டிங் சேர்த்துக்கொண்டது. பயிற்சிக்கே விடாதீர்கள் என்றது சம்மேளனம். அன்வர் டெல்லி உயர் நீதிமன்றம் போனான். ஆடுவதற்காகக் கேஸ் போடுகிற நாடு இது. பிறகு அனுமதி கிடைத்து டெல்லி எஃப்சி, 2022ல் கோவா, அந்த மார்ச்சிலேயே பஹ்ரைனுக்கு எதிராக இந்தியச் சட்டை. ஜூனில் கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிராக இரண்டாவது நிமிஷத்திலேயே கோல்.

அதோடு விட்டார்களா? 2024ல் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனதற்கு நாலு மாதத் தடை, 12.9 கோடி ரூபாய் இழப்பீடு என்று ஒரு உத்தரவு. மறுபடி உயர் நீதிமன்றம், உத்தரவு நின்றுபோனது, ஆடினான்.

"அவ்ளோ காசா ஒரு பேக்குக்கு?" என்றான் பையன். நான் இதயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் காதில் விழுந்தது கோடி. அப்பாவிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது அவனுக்கு.

செலக்‌ஷனுக்கு முன்னால் இவனை வேலூர் கூட்டிப்போய் ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிட வேண்டும். மைதானத்தில் ஆடுகிற எல்லாப் பையன்களுக்குமே எடுக்க வேண்டியது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்ததிலிருந்து கடையில் நிற்க நேரமில்லை. இரவில் பையனின் அப்பா கூலி வாங்க வந்தவர் அரை மணி நேரம் பேசினார். சென்னை சிட்டி என்ற பழைய டீமைப் பற்றி அவராகவே கேட்டார், ஆச்சரியம். 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். மினர்வாவை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளி வித்தியாசத்தில் முந்தி ஐ-லீக் கோப்பை வாங்கினார்கள். அன்றைக்கு இரண்டு கோல் போட்டவன் ஒரு ஸ்டாப்பர், கௌரவ் போரா. "இப்ப அந்த டீம் எங்க சார்?" என்றார். எந்த தேசிய லீக்கிலும் இல்லை என்றேன். அந்த அணியில் ஆடிய எட்வின் சிட்னி வான்ஸ்பால் மாதிரி ஆட்கள் ஐஎஸ்எல் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள் என்றும் சொன்னேன்.

என் யோசனை வேறு. சென்னையில் ஆடுகிறவனுக்கு அந்தக் காலத்திலிருந்தே இன்னொரு வாசல் உண்டு: இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, வருமான வரி, ஏஜிஎஸ் ஆபீஸ். காலையில் பந்து, பிறகு மேசை. ஐஎஸ்எல் வந்த பிறகு இதைக் கேவலமாகப் பேசுகிறார்கள். சம்பளம் நின்ற இந்த ஆகஸ்டில் அப்படிப் பேசுகிறவர்களைக் காணோம். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதையும் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இரவு ஒன்பது மணிக்கு மேட்ச். தஜிகிஸ்தானில், தஜிகிஸ்தானோடு, ஜமீலுக்கு முதல் மேட்ச். பையன் வீட்டிலேயே உட்கார்ந்து போனில் பார்த்தோம், ஆளுக்கு ஒரு பொட்டலம் பிரியாணியோடு. ஐந்தாவது நிமிஷம் உவைஸ் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து பந்தை வீசி எறிகிறான். அன்வர் அலி தலை! கோல். பதின்மூன்றாவது நிமிஷம் சந்தேஷ் ஜிங்கன். இரண்டு கோலும் ஸ்டாப்பர்கள் போட்டது. பையன் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தான்.

அவர்கள் ஒன்றைத் திருப்பினார்கள். இரண்டாம் பாதியில் பெனால்டி வேறு, கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்துவிட்டார். 2-1. கடைசி இருபது நிமிஷம் அன்வர் செய்ததைத்தான் பையனுக்குச் சுட்டிக் காட்டினேன்: காலை நீட்டிக்கொண்டு ஓடவில்லை. உடம்பைப் பாதி திருப்பி, கோலுக்கும் ஆளுக்கும் நடுவில் நின்று பின்னாலேயே நகர்கிறான். ஆள் பந்தைத் தள்ளின பிறகுதான் கால் போகிறது. நம்ம பையன் முதல் ஏய்ப்பிலேயே பாய்ந்து விழுவான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நேற்று அதே தொடரில் ஈரானிடம் 0-3. முதல் பாதி முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள்; மூன்றும் பிற்பாதியில். ஜிங்கன் கன்னத்து எலும்பில் அடிபட்டு ஊர் திரும்புகிறாராம். காலையில் டீக்கடையில் ஒருவர் "பேக் சரியில்ல" என்றார். வெள்ளிக்கிழமை மேட்ச் அவர் பார்க்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

அதே தொடரில் ஓமானோடு மூன்றாம் இடத்துக்கான மேட்ச். 1-1, பெனால்டியில் 3-2 என்று ஜெயித்தோம். கடையில் கூட்டம் இருந்ததால் கல்லாவுக்கு அடியில் போனை வைத்துப் பாதிதான் பார்த்தேன். முதலாளிக்குத் தெரியும், கண்டுகொள்ளவில்லை.

எக்கோ ரிப்போர்ட் வந்துவிட்டது, ஒன்றுமில்லை. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு; அதைத் திருத்தாமல் வீரர் பதிவு நடக்காது, நாளைக்கே ஈ-சேவை மையம் போக வேண்டும். படிவத்தை அப்பாவிடம் நீட்டினேன். வாங்கித் தறிக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

"இந்தப் பாவு முடியட்டும் சார். கையெழுத்து போடறேன். ஆனா பாங்க் டீமா பார்த்துச் சேருங்க."