சங்குமுகத்து வானூர்திகள்

மாலை வேளையில் திருவனந்தபுரத்தின் சங்குமுகம் கடற்கரைக்கு வருவோர் பெரும்பாலும் மேற்கு நோக்கியே அமர்வர். அரபிக்கடலில் கதிரவன் மறையும் காட்சியைக் காண்பதே அவர்கள் நோக்கம். அவர்களுக்கு நடுவே ஒரு சிலர் மட்டும் கடலுக்கு முதுகு காட்டி, கிழக்கு வானைப் பார்த்து நிற்பதுண்டு. கழுத்தில் நீண்ட வில்லை பொருத்திய ஒளிப்படக் கருவி தொங்கும். சட்டைப்பையில் சிறு குறிப்பேடு இருக்கும். அலையோசையை மீறி வேறோர் ஓசை எழுந்தவுடன் அவர்கள் நிமிர்வர். எழுந்து செல்லும் விமானத்தின் வகையையும், அதன் உடலில் எழுதப்பட்டுள்ள பதிவுக்குறியையும் கண்டறிந்து, நேரத்தோடு குறித்துக்கொள்வர். பறவை நோக்கல் என்பதைப் போல இதனை வானூர்தி நோக்கல் என்று சொல்லலாம்.

கடற்கரையும் விமான நிலையமும் இவ்வளவு நெருங்கி அமைந்த நகரங்கள் இந்தியாவில் மிகச் சில. ஏறத்தாழ 3,400 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை, கரையை ஒட்டித் தென்கிழக்கு வடமேற்காக நீண்டு கிடக்கிறது. அதன் இரு முனைகளிலும் 14, 32 என்னும் எண்கள் பெரிதாக எழுதப்பட்டுள்ளன. அவை முறையே 140 பாகை, 320 பாகை என்னும் திசைகளைக் குறிக்கும். இறுதிச் சுழியை விட்டு எழுதுவது உலக வழக்கம். விமானம் காற்றை எதிர்த்தே எழும்; எதிர்த்தே இறங்கும். ஆகவே காற்றின் திசையை அறிந்தவருக்கு விமானம் எப்பக்கமிருந்து வரும் என்பதும் தெரிந்துவிடும். அக்கரையின் மீனவர்க்குக் காற்றுக் கணக்கு புதிதன்று.

எல்லா விமானங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பது பழகாத கண்ணின் கூற்று. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் முழுவதும் சுற்றிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். அலகின் வளைவு, வாலின் நீளம், பறக்கும் பாங்கு ஆகியவற்றால் ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரித்தறிவது அக்கலை. வானூர்தி நோக்குவோரும் அதே வழியைப் பின்பற்றுகின்றனர். இங்கு நாள்தோறும் வந்துபோகும் ஏர்பஸ் 320, போயிங் 737 என்னும் இரு வகைகளும் தொலைவில் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். போயிங்கின் வால் செங்குத்தாக எழுவதற்கு முன் அடியில் ஒரு சரிவு இருக்கும். அதன் முதன்மைச் சக்கரங்களை முழுதாக மூடக் கதவுகள் இல்லை. விமானம் தலைக்கு மேலே செல்கையில் வயிற்றில் இரு கரிய வட்டங்களாக அவை தெரியும். ஏர்பஸ்ஸின் மூக்கு உருண்டையானது; சக்கரங்கள் முற்றிலும் மறைந்துவிடும். ஒருமுறை இதனைக் கண்டுகொண்டவரால் பின்னர் காணாமல் இருக்க இயலாது.

அடுத்தது பதிவுக்குறி. வி.டி. எனத் தொடங்கினால் இந்திய விமானம். ஏ6 ஐக்கிய அரபு அமீரகத்தையும், 8கியூ மாலத்தீவையும், 9வி சிங்கப்பூரையும், 4ஆர் இலங்கையையும் காட்டும். வி.டி. என்பதற்கு வைசிராயின் ஆட்சிப்பகுதி என விரிவு கூறுவோர் உண்டு. கேட்கச் சுவையாக இருப்பினும் அது கதையே. வானொலி அழைப்புக் குறிகளை நாடுகளுக்குப் பகிர்ந்தளித்தபோது பிரித்தானிய இந்தியாவின் பங்கில் விழுந்த எழுத்துகளிலிருந்து அது வந்தது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பத்தலைவர்களின் போக்கும் வரவும் இந்தக் குறிகளுக்குள் அடங்கியுள்ளன. முனையத்தின் வாயிலில் அழுவோருக்கும் சிரிப்போருக்கும் ஏ6 என்னும் எழுத்து ஒரு பொருட்டாகாது. ஆயினும் அவர்களை அழவும் சிரிக்கவும் வைப்பது அதுவே.

இத்தனை நுணுக்கமாகக் குறித்து வைப்பதால் என்ன பயன் என்னும் கேள்வி இயல்பாக எழும். திருவனந்தபுரத்தின் பழைய வரலாறே அதற்கு விடை தருகிறது. டாட்டா நிறுவனத்தின் முதல் அஞ்சல் விமானம் 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தது. அதன் பதிவுக்குறி வி.டி.-ஏ.டி.என். பம்பாயிலிருந்து சென்னை வரை அஞ்சலைக் கொண்டுவந்த விமானி நெவில் வின்சென்ட். அதே 1932இல் திருவனந்தபுரத்தில் வானூர்திக் கழகமும் விமானத்தளமும் தோன்றக் காரணமானவர், திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம்புரிந்த கோதவர்ம ராஜா. மூன்றாண்டுகளுக்குப் பின், 1935 அக்டோபர் 29 அன்று, அதே வின்சென்ட் ஓட்டிவந்த ஃபாக்ஸ் மாத் என்னும் சிறு விமானம் இங்கு வந்திறங்கியது. மன்னர் சித்திரைத் திருநாளுக்கு வைசிராய் வெலிங்டன் பிரபு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அதில் இருந்தது. பயணியர் இருவர்: டாட்டா நிறுவனத்தின் ஜாம்ஷெட் நவ்ரோஜி, பம்பாயில் திருவிதாங்கூரின் வணிகப் பேராளராக இருந்த காஞ்சி துவாரகாதாஸ். நவம்பர் முதல் நாள் அவ்விமானம் திருவிதாங்கூரின் அஞ்சலைச் சுமந்து பம்பாய்க்குத் திரும்பியது. அந்நாட்டின் தபால் துறைக்கு அஞ்சல் என்பதே பெயராக இருந்தது என்பதைத் தமிழ் கற்போர் கருத்தில் கொள்ளலாம்.

அந்நாளைக் குறித்தவர் 'ஒரு விமானம் வந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால் இன்று எஞ்சுவது ஒரு செய்தியே. ஃபாக்ஸ் மாத் என்னும் பெயர் எஞ்சியதால் ஒரு காட்சியே மீண்டும் கிடைக்கிறது. அவ்வகை விமானத்தில் பயணியர் முன்புறத்து மூடிய சிற்றறையில் நெருக்கி அமர்வர். விமானி அவர்களுக்குப் பின்னால், சற்று உயரத்தில், காற்றும் வெயிலும் முகத்தில் அறையத் திறந்தவெளியில் அமர்ந்து ஓட்டுவார். மரமும் துணியும் கொண்டு கட்டிய அந்த இரட்டை இறக்கை விமானத்தில், தலையை வெளியே நீட்டியவாறு வின்சென்ட் இக்கரையில் இறங்கினார் என்பதை அந்த ஒரு சொல்லிலிருந்து அறிகிறோம். குறிப்பேட்டில் வகையின் பெயரை எழுதும் சிறுவன் செய்வதும் இதுவே. பயன் ஐம்பது ஆண்டு கழித்து வேறொருவருக்குக் கிடைக்கக்கூடும்.

பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் பிள்ளைகளுக்கு இப்பழக்கம் மற்றொரு வகையில் துணையாகிறது. குவாகாத்தியில் சேர்ந்த நட்பு ஜோத்பூருக்கு வருவதில்லை, பள்ளியும் வருவதில்லை. விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு அருகே காத்திருந்த மணிகளில் எழுதிய குறிப்பேடு மட்டும் உடன் வரும். குவாகாத்தியில் கண்ட அதே வி.டி. குறியுள்ள விமானம் ஒருநாள் திருவனந்தபுரத்தில் இறங்கினால், பழைய அண்டை வீட்டாரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி உண்டாகும். பெரியவர்களுக்கு இது விளங்குவது அரிது.

ஒளிப்படம் எடுப்போர் சில நுட்பங்களைப் பட்டறிவால் கற்கின்றனர். கடற்கரை ஓடுபாதைக்கு மேற்கே இருப்பதால் பிற்பகலில் வெயில் எடுப்பவரின் முதுகில் விழும். விமானத்தின் உடல் முழுவதும் ஒளிரும். நண்பகலில் எடுத்தால் தார்ப்பரப்பிலிருந்து எழும் கானல் படத்தைக் குழப்பிவிடும். சுழல்விசிறி கொண்ட விமானத்தை மிகு விரைவில் படம் பிடித்தால் விசிறி அசையாமல் நிற்பதாகப் பதிந்து, விமானம் வானில் தொங்கும் பொம்மை போலத் தோன்றும். வேகத்தைக் குறைத்தால் சுழற்சி பதியும், கை நடுங்கினாலோ எல்லாமே கலங்கும். கடற்காற்றின் உப்பு வில்லையில் படியும். அதனை அவ்வப்போது துடைக்காதவர் மங்கலான படங்களோடு வீடு திரும்புவர். கரையும் முன்போல இல்லை. கடலரிப்பால் மணற்பரப்பு ஆண்டுதோறும் குறுகி வருகிறது. 2021 மே மாதத்துச் சீற்றத்தில் விமான நிலையத்தை ஒட்டிய சாலையின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது.

நோக்குவோர் நிற்கும் இடத்தைச் சுருக்குவது கடல் மட்டுமன்று. 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளுள் 13ஆம் விதி, அரசு விமான நிலையத்திலும் பறக்கும் விமானத்திலிருந்தும் எழுத்து வழி இசைவின்றி ஒளிப்படம் எடுப்பதைத் தடுத்தது. பின்னர் பயணியருக்குச் சில தளர்வுகள் அளிக்கப்பட்டன. இருக்கையிலிருந்தவாறு படம் எடுக்கலாம், பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் இடையூறு கூடாது என 2020 செப்டம்பரில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தெளிவுபடுத்தியது. இவ்விதியை அறியாதார் பட்ட துன்பம் பெரிது. 2010ஆம் ஆண்டில் தில்லி விமான நிலையத்தருகே ஒரு விடுதியில் தங்கி விமானங்களைக் கவனித்துக் குறித்த பிரித்தானியர் இருவர் கைதாகி, வாரக்கணக்கில் அலைக்கழிந்து, அபராதம் செலுத்திய பின்னரே நாடு திரும்பினர். அதற்கு முன் 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா நகரில் 12 பிரித்தானியரும் 2 டச்சுக்காரரும் உளவாளிகள் என ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டனர். அவர்களின் குறிப்பேடுகளே அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின. ஓராண்டு கழித்து மேல்முறையீட்டில் அனைவரும் விடுதலையாயினர்.

இதில் ஒரு முரண் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய அரசு, பொதுமக்களே வானத்தைக் கவனித்து, நிழலுருவைக் கொண்டே விமான வகையைச் சொல்லுமாறு பயிற்சி அளித்தது. அதற்கென 1941இல் ஓர் இதழும் வெளிவந்தது. ஒரு காலத்தில் நாட்டுத்தொண்டு எனப் போற்றப்பட்ட செயல் மற்றொரு காலத்தில் குற்றமாயிற்று. செயல் மாறவில்லை, பார்ப்போர் மனத்தின் அச்சம் மாறியது. அச்சத்தையும் முற்றிலும் குறைகூற இயலாது. திருவனந்தபுரம் இந்திய வான்படையின் தென்மண்டலத் தலைமையகம் அமைந்த நகர். காவலர் வினவினால் குறிப்பேட்டைக் காட்டி விடையளிப்பதும், வேண்டாம் என்றால் கருவியை உறையில் இடுவதுமே நோக்குவோர்க்கு அழகு.

ஆயினும் புகழ்பெற்ற விமானம் ஒன்று வந்துவிட்டால் ஊரே நோக்குவோர் கூட்டமாகிவிடும் என்பதை 2025ஆம் ஆண்டு காட்டியது. ஜூன் 14 இரவு, பிரித்தானியக் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம், எரிபொருள் குறைந்தும் வானிலை மோசமாகியும் தன் தாய்க்கப்பலுக்குத் திரும்ப இயலாமல் இங்கு இறங்கியது. பின்னர் நீர்ம அழுத்தப் பழுதால் கிளம்ப முடியாமல் நின்றது. தென்மேற்குப் பருவமழை அதன்மேல் கொட்டியது. உலகின் விலையுயர்ந்த போர் விமானங்களுள் ஒன்று கேரளத்து மழையில் நனையும் படம் நாளிதழ்கள் எங்கும் வந்தது. திரும்பிச் செல்ல மனமில்லாத விருந்தாளி என மாநிலச் சுற்றுலாத் துறையும் அதை வைத்து நகைச்சுவை விளம்பரம் செய்தது. ஜூலை 6 அன்று பொறியாளர் குழு ஏ400எம் என்னும் நான்கு சுழல்விசிறிப் போக்குவரத்து விமானத்தில் வந்தது. பழுது நீங்கி ஜூலை 22 அன்று, 38 நாள் கழித்து, அவ்விமானம் பறந்து சென்றது. அடுத்த நாள் ஓடுபாதை ஓரத்தில் கூட்டம் இல்லை. வழக்கமான சார்ஜா விமானத்தைக் குறித்துக்கொள்ளும் சிலர் மட்டும் இருந்திருப்பர்.

சூரிக், டோக்கியோ ஹனேடா போன்ற நிலையங்களில் விமானங்களைக் காண்பதற்கென்றே மாடங்கள் அமைத்துள்ளனர். நம் நாட்டிலும் பார்வையாளர் மாடங்கள் இருந்த காலம் உண்டு. பாதுகாப்புக் காரணங்களால் அவை மறைந்தன. இசைவு பெற்ற ஓரிடம் இருந்தால், காவலர்க்கும் ஐயம் இராது, சிறுவர்க்கும் அச்சம் இராது. மதில் ஓரத்தில் ஒளிந்து பார்ப்பவரைவிட மாடத்தில் நின்று பார்ப்பவரைக் கண்காணிப்பது எளிதன்றோ? ஓடுபாதையையே மக்களுக்குத் திறந்துவிடும் இந்நகருக்கு அது இயலாத செயலன்று.

ஓடுபாதை திறக்கப்படுவது மெய். பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை சங்குமுகம் கடலுக்குச் செல்லும் பழைய வழியின் குறுக்கேதான் விமானத்தளம் அமைந்தது. அதனால் அவ்விரு நாள்களிலும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. விமானிகளுக்கு முன்கூட்டியே உலகளாவிய அறிவிப்பு செல்கிறது. மலையாள நாட்காட்டியில் மாதங்கள் மீனம், துலாம் என வழங்கினும், விழாக்களுக்குப் பங்குனி, ஐப்பசி என்னும் தமிழ்ப் பெயர்களே சற்றுத் திரிந்து நிலைத்துள்ளன. அரச குடும்பத் தலைவர் வாளேந்தி முன்செல்ல, கருட வாகனத்தில் இறைவன் ஓடுபாதையைக் கடப்பார். அன்றைய மாலைப்பொழுதில் அந்தப் பாதையில் செல்லும் பறக்கும் ஊர்தி அது ஒன்றே. எந்தக் குறிப்பேட்டிலும் அதற்குப் பதிவுக்குறி இல்லை.

கடல் நீராட்டு முடிந்து இரவில் தீவட்டி ஒளியில் ஊர்வலம் அதே வழியே திரும்பும். கடைசி மனிதரும் வெளியேறியபின் வாயில் அடைக்கப்படும். உதிர்ந்த பூவோ, துணியோ, ஆணியோ கிடக்கின்றதா எனப் பணியாளர் ஓடுபாதையை ஆராய்வர். சிறு பொருள் ஒன்று எஞ்சினுக்குள் சென்றாலும் கேடு. பிறகு ஓரவிளக்குகள் வரிசையாக ஒளிரும். காத்திருந்த முதல் விமானம் தாழ்ந்து வரத் தொடங்கும்.