சுவரில் நிற்கும் உழைப்பாளர்

பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த குடும்பங்களுக்கு, நகரத்துத் தெரு என்பது நடப்பதற்கு மட்டுமே உரிய ஒன்றாகிவிடுகிறது. மான்குர்த்தில் விடியற்காலை வண்டியைப் பிடிக்கும் நம்மவர், கோவண்டி, செம்பூர், குர்லா என்று நிலையங்களைக் கடந்து, சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்குகின்றனர். தலை குனிந்தவாறே வேலைத்தலத்தை அடைகின்றனர். மாலையில் அவ்வழியே மீள்கின்றனர். இருபது ஆண்டுகள் நடந்த தெருவில், தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று வினவினால், விடை கூற வல்லார் எத்தனை பேர்?

முதலில், இறங்கிய நிலையத்தையே திரும்பி நோக்குவோம். 1878இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகளில் எழுந்த கட்டடம் இது, அமைத்தவர் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ். குவிமாடத்தின் உச்சியில், தீவட்டியை உயர்த்தி ஒரு பெண்ணுருவம் நிற்கிறது. அதற்கு ‘முன்னேற்றம்’ என்று பெயர். வாயில் தூண்கள் இரண்டில் ஒன்றில் சிங்கமும் மற்றொன்றில் புலியும் அமர்ந்துள்ளன. முன்னது பிரிட்டனையும் பின்னது இந்தியாவையும் குறிப்பன. இவை பெரியவை; எவர் கண்ணிலும் படும். நின்று பார்ப்பவர்க்கே புலப்படுவன, சுவரெங்கும் படர்ந்த இலைகளும் பறவைகளும் விலங்குகளும். பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்கள் அவற்றைச் செதுக்குவதில் பங்கு கொண்டனர். 2004இல் யுனெஸ்கோ இக்கட்டடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அயல்நாட்டார் கடல் கடந்து வந்து காணும் காட்சி, நமக்கு நாள்தோறும் வழியிலேயே வாய்த்திருக்கிறது!

அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால், கிராஃபோர்டு மார்க்கெட் என்று மக்கள் இன்றும் அழைக்கும் மகாத்மா ஜோதிபா பூலே மண்டி வரும். 1869இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் வாயிலுக்கு மேலே உள்ள புடைப்புச் சிற்பத்தில் நம் நாட்டு உழவர் காட்சியளிக்கின்றனர். அதனை அமைத்தவர் லாக்வுட் கிப்ளிங். கலைப்பள்ளியில் ஆசிரியராக விளங்கியவர். எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை. காய்கறிக் கூடையைச் சுமந்து உள்ளே நுழையும் கூலியாளின் தலைக்கு மேலே, அக்காய்கறியை விளைவிக்கும் உழவன் கல்லில் நிற்கிறான்!

மீண்டும் தெற்கே வந்து, தாதாபாய் நௌரோஜி சாலை வழியே நடந்தால் ஃப்ளோரா நீரூற்று. ரோமானிய மலர்த் தெய்வத்தின் சிலை அங்கு நிற்கிறது. அதன் அருகிலேயே ஹுதாத்மா சௌக் நினைவுச் சின்னம். மராட்டிய மாநிலம் கோரிய போராட்டத்தில் உயிர் நீத்தோர்க்காக எழுப்பப்பட்டது. அதில் தீப்பந்தம் ஏந்தி நிற்போர் இருவர்: ஒருவர் உழவர், மற்றவர் தொழிலாளி. அப்போராட்டத்தின் பயனாய் மாநிலம் பிறந்த நாளும் 1960 மே முதல் நாள், அதாவது தொழிலாளர் திருநாளே.

சற்றே அப்பால், மகாத்மா காந்தி சாலையில், 1936இல் எழுந்த நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கட்டடம் உள்ளது. என். ஜி. பன்சாரே என்னும் சிற்பி, அதன் முகப்பில் உழவரையும் குயவரையும் நூல் நூற்கும் பெண்டிரையும் வடித்துள்ளார். பணத்தைக் காக்கும் நிறுவனம், தன் நெற்றியில் பணக்காரரைப் பொறித்துக்கொள்ளவில்லை, உழைப்போரையே பொறித்துக்கொண்டது. சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை அறியாத தமிழர் இலர். தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்நால்வரின் உறவினர் பம்பாயின் சுவர்களிலும் நிற்கின்றனர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

“குடிநீர்க்கு வரிசையில் நிற்கிறோம், தேவ்னார்க் குப்பைமேட்டின் புகையைச் சுவாசிக்கிறோம், எமக்குச் சிற்பம் எதற்கு?” என்று நம்மவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2018ஐ ஒட்டி, காட்கோபரை அடுத்த அசல்பா குன்றின் குடிசைச் சுவர்கள் பல வண்ணம் பெற்றன. தொலைவிலிருந்து காண அழகாகவே இருந்தன. ஆனால் வண்ணம் குழாயில் நீரைக் கொண்டுவராது. கலையைக் காட்டி வசதியை மறுப்பாரேல், நாம் அதற்கு உடன்படலாகாது.

எனினும் மறுபக்கமும் உண்டு. 2015இல் தாராவியில் நடைபெற்ற கலைவிழாவில், அங்கு வாழ்வோரே கலைஞரோடு கூடித் தம் உடல்நலத்தையும் வாழ்வையும் பற்றிய படைப்புகளை ஆக்கிக் காட்டினர். பிறர் பார்க்கும் பொருளாக நிற்பது வேறு. நாமே பார்ப்பவராகவும் படைப்பவராகவும் விளங்குவது வேறு. நீரும் வடிகாலும் கேட்கும் குரலுக்கு, ‘இந்நகரம் எம்முடையதும் ஆகும்’ என்னும் உணர்வே வலிமை தரும். இங்கே பிறந்தும் தம்மை விருந்தினராகவே எண்ணி வளரும் நம் குழந்தைகளுக்கு அவ்வுணர்வை ஊட்டுதல் பெற்றோர் கடன்.

ஆதலின், அன்பர்களே! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன், குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். ரயில் கட்டணமன்றி வேறு செலவில்லை. நிலையத்திலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து நீரூற்றுக்கும் நடந்தே போகலாம். ஒவ்வோரிடத்திலும் சிறிது நின்று, “மேலே யார் நிற்கிறார், என்ன செய்கிறார்?” என்று கேளுங்கள். சாந்துச் சட்டி சுமக்கும் தந்தை, தன் மகனுக்கு அந்தக் குயவனையும் உழவனையும் தாமே சுட்டிக்காட்டட்டும்.