உப்பளக் கரையும் பாணனின் இல்லமும்

மரக்காணத்தில் பூமீசுவரரைத் தொழுது வெளிவருவோர் கண்ணில், பாத்தி பாத்தியாக விளையும் உப்பின் வெண்மையே நிறைகிறது. சிறுபாணாற்றுப்படை போற்றும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இக்கரையே என்பர் அறிஞர்.

அவனை நாடிச் சென்ற பாணனின் இல்லமோ வறுமையின் உறைவிடம். சுவரைக் கறையான் அரித்திருந்தது. அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் குரைத்தது. குப்பைக் கீரையைப் பறித்து, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்டனர். அத்தகைய வீட்டில் யாழ் பயில அமைதி ஏது?

கலைஞர்க்கு முதல் தேவை வீடு என்பதைச் செயலில் காட்டியவன் முதலாம் இராசராசன். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடிய 400 மகளிர்க்கும் ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் அளித்தான். எத்தெருவில், எச்சிறகில், எத்தனையாவது வீடு யாருக்கு என்பதையும் கல்லில் வெட்டுவித்தான். உறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டே அப்பணியைச் செய்விக்க வேண்டும் என்றான்.

இன்று அவ்வாறு வீடு வழங்க மன்னர் இல்லை. பாட்டனாரும் பாட்டியாரும் இருக்கின்றனர். பேரன் தேவாரம் பயிலவும், பேத்தி சதங்கை கட்டவும் கூடத்தில் ஓர் இடத்தை ஒதுக்கலாம். கடற்கரை ஊராயின், வீணைத் தந்தியில் உப்புக்காற்று படாதபடி துணியால் மூடி வைக்கலாம். பயிலும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தி, அருகில் ஒரு விளக்கேற்றி அமர்ந்து கேட்கலாம். இறைவனுக்கு உரிய தொண்டு அவ்விடத்திலேயே தொடங்கிவிடுகிறது.