இன்றைக்கு வேண்டாம்!

என் பெண் வயிற்றுப் பேரன் இங்கிலாந்தில் விமானம் ஓட்டப் பழகுகிறான். பதினெட்டு வயது. நான் அங்கே போயிருந்தபோது, "பாட்டி, ஞாயிற்றுக்கிழமை நான் பறக்கிறதை நீ பார்த்தே ஆகணும்" என்று பிடிவாதம் பிடித்தான். நானும் ஒரு டப்பா முறுக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

விமான நிலையம் என்றதும் மீனம்பாக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனவள் நான். அங்கே பார்த்தால் வெறும் புல்வெளி! ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து குட்டி விமானங்கள், வேலிக்கு அப்பால் ஆடுகள். அந்தப் புல்லின் மேல் ஓடித்தான் விமானம் கிளம்ப வேண்டுமாம்.

முதல் நாள் இரவெல்லாம் மழை. காலையில் வானம் அலம்பிவிட்டாற்போல் பளிச்சென்று இருந்தது. ஆனால் பேரனுடைய ஆசிரியர் வானத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு புல்வெளியின் கோடி வரை நடந்தார். அங்கங்கே குதிகாலை ஊன்றி அழுத்திப் பார்த்தார். திரும்பி வந்து, "இன்றைக்கு வேண்டாம்" என்றார்.

பேரனுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கும் கோபந்தான். ஆகாயத்தில் பறக்கிறதற்குத் தரை ஈரமாயிருந்தால் என்ன? கேட்டேவிட்டேன்.

"பறப்பதற்கு முன்னால் ஓட வேண்டுமே, அம்மா!" என்று அவர் சிரித்தார்.

சேற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சக்கரத்தை மண் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் வராது. நல்ல தார்த்தளத்தில் 400 மீட்டருக்குள் கிளம்பி 50 அடி உயரம் எட்டுகிற விமானத்துக்குக் காய்ந்த புல் என்றால் 480 மீட்டர் வேண்டும். ஈரப்புல் என்றால் 520. அடியில் மண்ணும் இளகியிருந்தால் கணக்கு இன்னும் ஏறும். கூட ஓர் ஆள் ஏறினால் அதற்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மைதானமோ மழைக்காக ஓர் அடி கூட நீண்டு கொடுப்பதில்லை!

வேலி கிட்டே வருவதைப் பார்த்ததும், வேகம் போதாத நிலையிலேயே சிலர் மூக்கைத் தூக்கிவிடுவார்களாம். விமானமும் எழும்பும். தரையை ஒட்டி இருக்கும் வரை காற்று மெத்தை மாதிரி தாங்கும். 'அப்பாடா, பிழைத்தோம்' என்று இன்னும் தூக்கினால் மெத்தை நழுவிவிடும். விமானம் தொப்பென்று விழும்.

"சிமெண்டுத் தளமாயிருந்தால் இந்த வம்பு இல்லையே?" என்றேன்.

"மியூனிக் நகரில் நடந்ததைக் கேள்விப்பட்டதில்லையா?" என்றார் அவர்.

எனக்குத் தெரியாது. பேரனுக்குத் தெரிந்திருந்தது, மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழு என்றால் அவனுக்கு உயிர். 1958, பிப்ரவரி 6. பெல்கிரேடில் ஆடிவிட்டு அந்தக் குழு ஊர் திரும்புகிறது. பெட்ரோல் போட மியூனிக்கில் இறங்கிய விமானத்தில் 44 பேர். இரண்டு தடவை கிளம்பப் பார்த்து, எஞ்சினில் கோளாறு தெரிந்து நின்றுவிட்டார்கள். மூன்றாந்தடவை ஓடியபோது வேகம் 117 நாட், அதாவது மணிக்குச் சுமார் 217 கிலோமீட்டரைத் தொட்டது. இனி நிறுத்தவும் முடியாது. அப்போது வேகம் 112 ஆயிற்று; 105 ஆயிற்று. ஓடுபாதைக் கோடியில் கிடந்த உருகிய பனிச்சேறு சக்கரங்களைப் பிடித்துக்கொண்டது. விமானம் வேலியை முறித்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் மோதியது.

மாண்டவர்கள் 23 பேர். அவர்களில் 8 பேர் ஆட்டக்காரர்கள். டங்கன் எட்வர்ட்ஸ் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் போராடிப் போனான், வயது 21. கோல்கீப்பர் ஹாரி கிரெக் வெளியே தப்பி வந்தவர், குழந்தை அழும் குரல் கேட்டுத் திரும்ப உள்ளே நுழைந்தார். குழந்தையைத் தூக்கி வந்தார். பிறகு கர்ப்பிணியான அதன் தாயையும் இழுத்து வந்தார்.

அன்று விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த ரேமண்ட் சில வாரங்களில் இறந்துபோனார். தலைமை விமானி ஜேம்ஸ் தெயின் பிழைத்தார். அதுவே அவருக்கு வினையாயிற்று. இறக்கையில் உறைந்த பனியை அவர் அகற்றவில்லை என்று ஜெர்மன் விசாரணை பழி போட்டது. உத்தியோகம் போயிற்று. கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு, 'சேறுதான் காரணம்' என்று வருஷக்கணக்கில் வாதாடினார். 1969-ல் பிரிட்டிஷ் விசாரணை, அவர்மேல் குற்றமில்லை என்று சொல்லிற்று. பதினோரு வருஷம்! 1975-ல் மாரடைப்பில் போய்விட்டார். அந்த வீட்டில் அவர் மனைவி எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாளோ என்றுதான் எனக்கு நினைவு ஓடியது.

காரில் திரும்பும்போது பேரன் வாயைத் திறக்கவில்லை. முறுக்கையும் தொடவில்லை.

அடுத்த ஞாயிறும் போனோம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தூற்றல் போட்டிருந்தது. ஆசிரியர் இன்னும் வரவில்லை. பேரன் தானாகவே புல்வெளியில் இறங்கி நடந்தான். தூரத்தில் நின்று குதிகாலை ஊன்றுவதும், குனிந்து பார்ப்பதும், இன்னும் பத்தடி போவதுமாக இருந்தான். அரைமணி கழித்துத் திரும்பி வந்தான்.

"என்னடா?" என்றேன்.

"ஷூவெல்லாம் தண்ணி, பாட்டி. அந்த டப்பாவைத் திற" என்றான்.