முடித்துவிட்டு எடுங்கள்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த ஐடி அலுவலகத்துக்குள் போனாலும் இன்று ஒரு கான்பன் போர்டு இருக்கும். சுவரில் இல்லாவிட்டால் ஜிராவில் இருக்கும். செய்ய வேண்டியது, டெவலப்மென்ட், டெஸ்டிங், முடிந்தது என்று பத்திகள், பத்திகளுக்குள் டிக்கெட்டுகள். காலை ஸ்டாண்டப்பில் அதன் முன்னால் நின்று பேசிவிட்டுக் கலைவார்கள். ஆனால் பத்திகளின் தலையில் எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் இருக்காது. எண் இல்லாத போர்டு வெறும் பட்டியல்தான். ‘டெஸ்டிங் 3’ என்று எழுதியிருந்தால், அந்தப் பத்தியில் மூன்று டிக்கெட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. நாலாவது உள்ளே வர வேண்டுமானால் முதலில் ஒன்று வெளியே போக வேண்டும். கான்பனின் உயிரே இந்த விதிதான். பல வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சொல்வதற்கு இவ்வளவு எளிதாகவும் கடைப்பிடிக்க இவ்வளவு கஷ்டமாகவும் இருக்கிற விதியை வேறெங்கும் பார்த்ததில்லை.

கஷ்டம் எங்கே வருகிறது என்பதை ஒரு இன்ஷூரன்ஸ் மென்பொருளைப் பராமரித்த டீமில் பக்கத்திலிருந்து பார்த்தேன். எண் போட்ட முதல் வாரமே டெஸ்டிங் பத்தி நிரம்பிவிட்டது. ஒரு டெவலப்பர் தன் வேலையை முடித்துவிட்டான். முடித்ததை நகர்த்த இடமில்லை. நகர்த்தாமல் புதிதாக ஒன்றை எடுக்கவும் முடியாது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனை மேனேஜர் பார்த்துவிட்டார்.

“என்னப்பா, சும்மா உட்கார்ந்திருக்க? அடுத்த டிக்கெட்டை எடு.”

“எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

மேனேஜர் பதில் சொல்லவில்லை. அவன் எழுந்து, டெஸ்டர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு போனான். “எங்கக்கா நிக்குது?” என்று கேட்டான். “டேட்டா போடறதுலதான்ப்பா” என்றார் அவர். ஒவ்வொரு முறை சோதிக்கவும் புதிதாக ஒரு பாலிசியை உருவாக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, பிரீமியம், நாமினி என்று திரை மாற்றித் திரை மாற்றிக் கையால் நிரப்ப வேண்டும். ஒரு டிக்கெட்டுக்கு இதை நாலைந்து தடவை செய்ய வேண்டியிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை முழுக்கப் பார்த்தான். அன்று சாயங்காலத்துக்குள், பாலிசியைத் தானாக உருவாக்கித் தரும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டான்.

அந்த அக்கா இதை மாதக்கணக்கில் மீட்டிங்குகளில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கேட்டவர்கள் கெட்டவர்களும் அல்ல. ஒவ்வொருவர் கையிலும் எப்போதும் அடுத்த டிக்கெட் இருந்தது, அவ்வளவுதான். தேங்குகிற இடத்துக்கு ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த எண்.

இந்த யோசனை கணினியில் பிறந்ததில்லை. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ தறித் தொழிலிலிருந்து கார்த் தொழிலுக்கு வந்தவர்; 1932-இல் டொயோடா நூற்பு நெசவாலையில் சேர்ந்து, 1943-இல் கார் நிறுவனத்துக்கு மாறினார். இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை 1924-லேயே சகிச்சி டொயோடா உருவாக்கியிருந்தார். பழுதோடு ஓடுவதைவிட நிற்பது மேல் என்ற பாடம் அங்கேயே இருந்தது. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அலமாரி மறுபடி நிரப்பப்படுவதைப் பற்றி ஓனோ கேள்விப்பட்டு, அதைத் தன் பட்டறையில் முயன்றுபார்த்தார். 1956-இல் அமெரிக்கா போனபோது நேரிலும் பார்த்தார். அடுத்த கட்டம் கேட்டால்தான் முந்தைய கட்டம் செய்யும் என்ற ஒழுங்கு அப்படித்தான் உருவானது.

மென்பொருளுக்கு இது வந்த கதையில் நமக்கு நெருக்கமான ஊர் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் உள் பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரித்த டீம் ஒன்று 2004-இல் ஹைதராபாத்தில் இருந்தது. 80-க்கு மேற்பட்ட கோரிக்கைகள் வரிசையில் காத்திருந்தன. ஒன்று முடிந்து வெளியே வர ஐந்து மாதம்போல ஆனது. டேவிட் ஆண்டர்சனும் அதன் மேனேஜர் டிராகோஸ் துமித்ரியுவும் உள்ளே பார்த்தபோது கிடைத்த விஷயம் முக்கியமானது. வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் 48 மணி நேரத்துக்குள் எஸ்டிமேட் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காகக் கையிலிருந்த வேலையை நிறுத்த வேண்டும். அப்படி எஸ்டிமேட் கொடுத்தவற்றில் பல, செய்யப்படவே இல்லை. எஸ்டிமேட்டை நிறுத்தினார்கள், ஒரே நேரத்தில் நடக்கும் வேலைக்கு வரம்பு கட்டினார்கள், இடம் காலியானால் அதில் எதை வைப்பது என்பதை மட்டும் பிசினஸ் தரப்பு முடிவுசெய்தது. கோட் எழுதும் முறையோ சோதிக்கும் முறையோ மாறவில்லை. ஒரு வருடத்துக்குள், காத்திருக்கும் காலம் இரண்டு வாரம் அளவுக்கு இறங்கியது. முடிந்து வெளியே போகும் வேலை மூன்று மடங்குக்கு மேல் கூடியது. ஆண்டர்சன் 2010-இல் எழுதிய ‘கான்பன்’ புத்தகத்தில் இது விரிவாக இருக்கிறது. ‘நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்காது சார்’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஹைதராபாத் கதையைத்தான்.

இதற்குப் பின்னால் கணக்கும் இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி அது: வரிசையில் இருக்கும் வேலையின் எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் காலம். கையில் 30 டிக்கெட், வாரத்துக்கு 5 முடிகிறது என்றால், ஒவ்வொன்றும் சராசரியாக 6 வாரம் கிடக்கும். 15-ஆகக் குறைத்தால் 3 வாரம். யாரும் வேகமாக டைப் செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கு நம் கம்பெனிகளைச் சுடக்கூடியது. வேலை முன்பின்னாக வந்து சேரும் இடத்தில், ஆள் 80 சதவீதம் பிசியாக இருக்கும்போது ஒரு வேலை செய்யப்பட எடுக்கும் நேரத்தைப்போல் 4 மடங்கு காத்திருக்கிறது என்றால், 90 சதவீதத்தில் 9 மடங்கு, 95-இல் 19 மடங்கு காத்திருக்கும். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரி சொல்வது இது. நாமோ மணிக்கணக்கில் பில் போடும் தொழிலில் இருக்கிறோம். டைம்ஷீட்டில் எட்டு மணி நேரமும் நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் பெஞ்ச் என்ற பயம். அந்த மேனேஜர் பையனைப் பார்த்துப் பதறியதும் இதனால்தான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரை அளக்கிற அளவுகோலைத்தான் சொல்வேன்.

டொயோட்டாவிலிருந்து வந்த இந்த வழிக்கு லீன் என்றும் பெயர். அந்தப் பெயரில் ஆளைக் குறைப்பவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. மேரி, டாம் பாப்பன்டீக் தம்பதி 2003-இல் மென்பொருளுக்காக எழுதிய விரயப் பட்டியலில் முதலில் நிற்பது பாதியில் கிடக்கும் வேலை: ரிவியூவுக்குக் காத்திருக்கும் கோட், எழுதிவைத்தும் யாரும் கோட் செய்யத் தொடங்காத ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட், ரிலீஸ் ஆகாமல் கிடக்கும் வசதி. மனிதர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

‘எங்கள் கிளையன்ட்டுக்கு எல்லாமே அவசரம்’ என்பார்கள். அவசரத்துக்கென்று ஒரு வரி தனியாக ஒதுக்கலாம். அதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டாவது அவசரம் வந்தால், எது முதலில் என்பதை கிளையன்ட்டே சொல்லட்டும். நான் பார்த்தவரையில், கேட்டால் சொல்லிவிடுகிறார்கள்.

டீம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மாதக் கடைசியில் மேலே அனுப்பும் ரிப்போர்ட்டில், யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதற்குப் பக்கத்தில், ஒரு கோரிக்கை வந்த நாளிலிருந்து பயனாளர் கைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆனது என்பதையும் போட்டு அனுப்புங்கள். இரண்டு தேதிகளும் ஜிராவிலேயே இருக்கின்றன.